இருக்கிற இடத்திலேயே இரு

என் தங்கை ஸ்டேசியா தன் பிள்ளைகளுக்குப் பேர் தேடி அலைந்ததில்லை. பிறந்த நாள் எந்தப் புனிதருடையதோ அவர் பேரை வைத்துவிடுவாள். மூத்தவன் ஜூலை மாதக் கடைசியில், இக்னேஷியஸ் லொயோலா திருநாளில் வந்தான். லொயோலா என்று வைத்தாள். அவனுக்கு அடுத்து ஒரு பெண், லூசி. ஞானஸ்நானத் தண்ணீர் நெற்றியில் காயும் முன்னே போய்விட்டாள். கடைக்குட்டி அம்புரோஸ். அவர்கள் அப்பா லார் கரீன் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆகவே அந்தப் பையன்களுக்கு நான் தாய்வழியிலும் பெரியம்மா, தகப்பன்வழியிலும் பெரியம்மா. எங்கள் குடாவில் யாரைத் தொட்டாலும் இப்படித்தான், இரண்டு பக்கமும் இழுக்கும்.

லொயோலா மீசை முளைக்கும் முன்னே படகேறியவன். முதலில் காட் மீன், அது இல்லாமல் போனபின் நண்டு. கல்யாணம் கூடி வந்தது, நடக்கவில்லை. அந்தப் பெண் மேற்கே ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். அம்மா செத்தபின் அம்மா வீட்டிலேயே இருந்தான். ஒரு வசந்தகாலத்தில் நண்டுக் கூண்டு அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது. அதோடு கடல் முடிந்தது அவனுக்கு.

படுத்துக் கிடந்தவனுக்குப் பொழுது போகட்டும் என்று தம்பி அம்புரோஸ்தான் தொலைக்காட்சியில் மாட்டும் விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். தன் வீட்டிலும் ஒன்று வைத்துக்கொண்டான். அண்ணன் குடாவின் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். இரண்டு பேரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரே விளையாட்டுக்குள் போய்விடுவார்கள். அந்த விளையாட்டு ஒரு தீவுக்கூட்டம். நூறு பேர் இறங்குகிறார்கள், உடம்பில் துணிகூடக் கிடையாது. மரம் வெட்டி, கல் பொறுக்கி, வேட்டையாடி, குளிருக்குச் சாகாமல் பிழைக்க வேண்டும். பக்கத்தில் வருகிறவன் நல்லவனா திருடனா தெரியாது. நான் ரொட்டி கொண்டுபோகும்போதெல்லாம் பார்ப்பேன். "இதுக்கு நம்ம ஊரே போதுமே, எதுக்குப் பெட்டி?" என்று கேட்டால் லொயோலா சிரிப்பான். "இங்க இடுப்பு வலிக்காது பெரியம்மா" என்பான்.

அதில் ஒரு விசேஷம். ஆள் பெட்டியை அணைத்துவிட்டுப் போனாலும் அவன் உடம்பு அந்த உலகத்தில் மறைவதில்லை. விட்ட இடத்தில் தூங்கிக்கொண்டு கிடக்கும். திரும்ப வந்தால்தான் எழும்.

எங்கள் பக்கத்தில் ஃபோனை வைக்கும்போது எல்லாரும் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "இருக்கிற இடத்திலயே இரு, நான் வந்து சேர்ற வரைக்கும்." விளையாட்டாகச் சொல்வது. மாவு வாங்கிவரப் போகிறவனும் சொல்வான். அம்புரோஸ் அந்த விளையாட்டில் சீல் என்னும் கடல்நாய் வேட்டைக்காகக் கட்டுமரம் ஏறி அக்கரைத் தீவுக்குப் போய், அங்கே ஒரு குடிசை கட்டிக்கொண்டு, "அண்ணே, திரும்பி வரட்டுமா?" என்று கேட்டபோது, லொயோலாவும் அதைத்தான் சொன்னான். நான் அன்று அங்கே உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். "இருக்கிற இடத்திலயே இருடா, நான் வந்து சேர்ற வரைக்கும்." தம்பி சரியென்று படுத்துவிட்டான்.

அதே வாரம், நிஜக் கடலில், அம்புரோஸ் வீட்டுச் சமையலுக்குக் காட் பிடிக்கத் தனியாகப் போனான். குடா முனைக்கு வெளியே எஞ்சின் நின்றுபோயிற்று. துடுப்புப் போட்டால் கல் குடாவுக்குள் ஒதுங்கியிருக்கலாம், கிட்டத்தில்தான். அண்ணனை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டான். அண்ணன் வாயில் வந்தது அந்தச் சொல்தான். நங்கூரத்தைப் போட்டுவிட்டு அம்புரோஸ் காத்திருந்தான். லொயோலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாமன் மகன் கானிடம் படகைக் கேட்டு வாங்கி, முனையைச் சுற்றுவதற்குள் காற்று திரும்பிவிட்டது. படகு கவிழ்ந்து கிடந்தது. நங்கூரக் கயிறு விறைப்பாக இருந்தது. ஆள் இல்லை. கடலோரக் காவல் கப்பலும் ஹெலிகாப்டரும் தேடின. பாதிரியார் சவப்பெட்டி இல்லாமல் புகைப்படத்தை வைத்துப் பூசை செய்தார். லொயோலாவை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்குமோ என்னவோ.

குளிர்காலம் முழுக்க அவன் பெட்டியைத் தொடவில்லை. பனி கரைகிற சமயம் ஒருநாள் கருவாட்டுக் கஞ்சி கொண்டுபோனேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் காதில் கருவியோடு உட்கார்ந்திருக்கிறான். எங்கள் குடாவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால் ஒன்று போலீஸ், இல்லை வெளியூர்க்காரன். பூட்டு என்பது தேவாலயக் காணிக்கைப் பெட்டிக்கு மட்டும்தான்.

அவனோடு பேசிக்கொண்டிருந்தவள் வெர்னா. அந்த விளையாட்டில் இவர்கள் கூட்டாளி. சஸ்காச்சுவானில் கோதுமை வயல்களுக்கு நடுவே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கடலையே பார்த்ததில்லை. அவள் குரல் பெட்டியிலிருந்து எனக்கும் கேட்டது.

"அங்கதான்யா இருக்கான்" என்றாள். "நான் போன மாசம் தூரக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். குடிசை நிக்குது. உன் தம்பி எழுந்து போகலையே, அப்புறம் எங்க போவான்."

லொயோலா திரையை நோக்கிக் குனிந்தான்.

"இன்னொண்ணு. கம்பெனிக்காரன் இந்த உலகத்தை மூடப்போறான். கோடை தொடங்குற சனிக்கிழமை மத்தியானம். அப்புறம் தீவும் கிடையாது, நாமளும் கிடையாது."

அவன் கையில் கொடுத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தை நான் திரும்ப வாங்கி வைத்தேன். கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

"பெரியம்மா, கேட்டியா? அவன் அங்கயே இருக்கான்" என்றான்.

"டேய், அது பொம்மைடா."

"தெரியும். ஆனா சொன்ன இடத்துல இருக்கான்ல."

அன்று முதல் அவனுக்கு வேறு வேலை இல்லை. அக்கரை போக வேண்டும், தம்பி பக்கத்தில் உட்கார வேண்டும், அந்த உலகம் மூடுவதற்குள். ஆனால் குளிர்காலத்தில் ஒரு திருட்டுக் கும்பல் இரண்டு தீவுக்கும் இடையே உள்ள நீரிணையின் ஓரத்தில் கல்கோட்டை கட்டி, மேலே பீரங்கி வைத்திருந்தது. எந்தப் படகு போனாலும் உடைத்துவிடுவார்கள்.

"அவங்ககிட்ட கேட்டுப் பார்த்தியா? தம்பியைப் பார்க்கணும்னு?" என்றேன்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. அப்புறம் சுட்டாங்க."

ஆகவே நீந்த வேண்டும். தலை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தால் கோட்டைக்காரன் கண்ணில் படாது. இத்தனை தூரம் அந்த விளையாட்டில் யாரும் நீந்தியதில்லை என்று வெர்னா சொன்னாள். தண்ணீர் ஐஸ். உடம்புச் சூடு இறங்க இறங்க மூலையில் ஒரு சிவப்புக் கோடு சுருங்கும். அது தீர்ந்தால் ஆளும் தீர்ந்தான்.

"நீச்சல் எப்படி, பழக்கம் உண்டா கடல்காரரே?" என்று வெர்னா கேட்டாள்.

"தெரியாது."

"விளையாட்டுல கேக்கலைய்யா. நிஜத்துல."

"நிஜத்துலயும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. எங்க தண்ணியில விழுந்தா நீந்தத் தெரிஞ்சவனுக்குச் சாவு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்."

"நல்ல ஊரு" என்றாள் வெர்னா. "எங்க ஊர்ல ஒரு குட்டை இருக்கு, மாடு குடிக்கிறது. அதுலயே நான் எல்லா நீச்சலும் கத்துக்கிட்டேன்."

அவள்தான் பழக்கினாள். விளையாட்டின் சிறு குடா ஒன்றில் இவனைக் கரையோரமாகவே போய்வரச் சொல்வாள். வேகமாகப் போனால் மூச்சு தீர்ந்து மூழ்குவான். மெதுவாகப் போனால் விறைத்துப் போவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதி இருக்கிறது, அதைக் கையால் பழக வேண்டும். எத்தனை தடவை மூழ்கினானோ. ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து, இவன் அம்மணமாகத் தன் கரையில் எழுந்திருப்பான். மூழ்கும்போது அந்தப் பெட்டியில் ஒரு சத்தம் வரும், தண்ணீர் காதுக்குள் போகிற மாதிரி. எனக்கு அது பிடிக்காது. ஒருநாள் சொன்னேன், "அந்தச் சத்தத்தைக் குறைச்சு வை." அவன் குறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தம்பிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. எழுந்து தேநீர் போடப் போய்விட்டேன்.

வசந்தம் பூராவும் சீல் வேட்டையாடிக் கொழுப்பு உருக்கிச் சேர்த்தான். உடம்பில் பூசினால் குளிர் மெல்ல ஏறும். வழியில் ஏறி நின்று இளைப்பாற நீரிணை நடுவில் ஒரு பாறை உண்டு; அதற்குப் போகும் திசையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். சாப்பாடு சமைக்கவில்லை, சவரம் செய்யவில்லை. நான் கொண்டுபோனது மேசையில் அப்படியே இருக்கும். கான் ஒருநாள் வந்து, "பாறை மீன் நிறைய வருது, வர்றியா, சும்மா உட்காரத்தான்" என்று கூப்பிட்டுப் பார்த்தான். "வேலை இருக்கு" என்றான் லொயோலா. கான் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. காப்பெலின் மீன் கரையில் வந்து புரள்கிற பருவம். ஊரே வாளியும் வலையுமாகக் கடற்கரையில் இருந்தது. பிள்ளைகள் கத்துவது அவன் வீட்டுக்குள் கேட்டது. அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தான்.

"எடை பாரு" என்றாள் வெர்னா. "என்னென்ன வச்சிருக்கே?"

"போர்வை, பூட்ஸ், கோடாலி, ரொட்டி."

"போர்வையைப் போடு கீழே. பூட்ஸையும் கழட்டிப் போடு. ரொட்டி எதுக்கு?"

"ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போறதா?"

"தூங்குறவன் ரொட்டி தின்னமாட்டான் லொயோலா."

"தெரியும்."

வெர்னா விட்டுக்கொடுத்தாள்: "சரி. ஒண்ணுதான் கொண்டுபோக முடியும். ரெண்டும் இருந்தா பாறைக்கு இந்தப் பக்கமே மூழ்கிடுவே. கோடாலியா, ரொட்டியா?"

"கோடாலிக்கு அங்க என்ன வேலை. மரம் வெட்டவா போறேன்?"

கோடாலியைக் கரையில் போட்டான். அந்தப் பொம்மை குனிந்து அதை மணலில் வைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்டேசியாவின் பிள்ளைதான். அவளும் சாவு வீட்டுக்கு ரொட்டி இல்லாமல் போனதில்லை.

வெர்னா தன் பங்குக்கு ஒரு படகை எடுத்துக்கொண்டு கோட்டைக்கு அந்தப்புறம் போனாள், கும்பல் தன்னைப் பார்க்கட்டும் என்று. பீரங்கிச் சத்தம் கேட்டது. "அடிச்சுட்டான்யா" என்றாள் சாதாரணமாக. "நான் செத்தா என்ன, முளைச்சுக்குவேன். நீ போ."

லொயோலா தண்ணீரில் இருந்தான். திரையில் சாம்பல் நிற நீர், அதன்மேல் இரண்டு கைகள், மாறி மாறி. வேறொன்றும் இல்லை. பாறையில் ஏறி நின்றான். நடுங்கினான். சிவப்புக் கோடு பாதிக்குக் கீழே போயிருந்தது. மீண்டும் இறங்கினான். அவன் உதடு நிஜமாகவே நீலம் பாய்ந்திருந்தது, அல்லது திரையின் வெளிச்சமோ. "கதி, கதி" என்று வெர்னா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஜெபமாலையை எடுக்கவில்லை. பொம்மைக்காக ஜெபிப்பதா என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் முணுமுணுத்தது.

கோடு நூலாக இளைத்தபோது மணலில் கை பட்டது. எழுந்து நடந்தான்.

குடிசை நின்றது. பலகைச் சுவர், இரும்புத் தகடு அடித்த கதவு. அம்புரோஸ் எதைக் கட்டினாலும் ஒழுங்காகக் கட்டுவான். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தான். உள்ளே ஆரஞ்சு நிற எண்ணெய்த்துணி மழைச்சட்டையோடு தம்பி படுத்திருந்தான், சுவரைப் பார்த்துத் திரும்பி. குழந்தையிலிருந்து அவன் அப்படித்தான் தூங்குவான். அந்த விளையாட்டில் எல்லாரும் அப்படித்தான் கிடப்பார்கள் என்று வெர்னா பிறகு சொன்னாள். இருக்கட்டும்.

லொயோலா கதவைத் தள்ளினான். அசையவில்லை. மறுபடி தள்ளினான்.

"என்னாச்சு?" என்றாள் வெர்னா.

"கதவு திறக்கமாட்டேங்குது."

"எண்ணைப் போடுய்யா. நாலு எண் பூட்டு. நான்தான் அவனைப் போடச் சொன்னேன், திருடனுங்க ஜாஸ்தின்னு." நிறுத்தினாள். "உனக்கு எண் தெரியும்தானே?"

"பூட்டு இருக்குன்னே தெரியாது."

"பூட்டு இல்லாம யாருய்யா வீடு கட்டுவாங்க?"

"எங்க ஊர்ல எல்லாரும்" என்றான் லொயோலா.

பெட்டியில் வெர்னாவின் மூச்சு கேட்டது. கோடாலி இருந்தால் பலகையை உடைத்திருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே மூன்று பேருக்கும் தெரிந்தது. அந்தத் தீவில் மரம் ஏதும் மிச்சமில்லை. எல்லாம் இந்தக் குடிசையாகியிருந்தது. தூக்க ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை. சுவரைக் கையால் குத்தினான். ஒன்றும் ஆகவில்லை.

"பெரியம்மா" என்றான், திரையை விட்டுக் கண் எடுக்காமல். "அம்மா பிறந்த நாள்?"

"மாதா விண்ணேற்புத் திருநாள். ஆகஸ்ட் பதினஞ்சு."

போட்டான். பூட்டிலிருந்து மின்னல் போல ஒன்று வெட்டி, பொம்மை பின்னால் விழுந்தது. தப்பான எண்ணுக்கு அது தண்டனை. உடம்பில் மிச்சமிருந்ததில் கொஞ்சம் போயிற்று.

"அவனோட நாளு?"

"டிசம்பர் ஏழு."

வெட்டியது.

"அப்பா செத்தது?"

"கல்லறைத் திருநாள். நவம்பர் ரெண்டு. சாயங்காலம், மணியடிக்கிற நேரம்."

வெட்டியது.

"லூசி?"

"லூசி திருநாள்தான். டிசம்பர் பதிமூணு."

எனக்குத் தெரிந்த தேதியெல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன. தாத்தா சீல் வேட்டையில் பனிக்கட்டியோடு போனது, ஸ்டேசியா கண் மூடியது, லாரின் அம்மா, என் வீட்டுக்காரர். ஆனால் வெர்னா குறுக்கிட்டாள். "நிறுத்து. இன்னொண்ணு தப்பினா செத்துடுவே. செத்தா உன் கரையிலதான் எழுவே. திரும்பி நீந்த நேரம் கிடையாது."

லொயோலாவின் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு பொத்தானை விட்டு எடுத்தான்.

"அப்போ இங்கயே இருக்கேன்" என்றான்.

பொம்மையைக் கதவில் சாய்த்து உட்கார வைத்தான். ரொட்டியை எடுத்து வாசலில் வைத்தான். பிறகு பூட்டைத் தொடாமல், கதவை மட்டும் ஒருமுறை தட்டினான். அந்த வீட்டுப் பிள்ளை அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.

"டேய் அம்புரோஸ்" என்றான். "வந்துட்டேன்டா."

திரையில் வெளிச்சம் மங்கியது. மேலே ஏதோ எழுத்து வந்தது. நன்றி என்று எழுதியிருப்பதாக வெர்னா படித்துச் சொன்னாள். "லொயோலா, கேக்குதா? நான் இங்கதான்..." என்று அவள் சொல்லும்போதே குரல் அறுந்துபோயிற்று. திரை கறுத்தது. அதில் அவன் முகமும் பின்னால் என் முகமும் தெரிந்தன.

கடற்கரையில் பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கெட்டிலை வைத்தேன். அவன் காதிலிருந்து கருவியைக் கழற்றவில்லை.

"பெரியம்மா."

"என்ன மகனே?"

"செத்தவங்க தேதியாவே போட்டோம்."

நான் பால் டின்னைத் திறந்தபடி நின்றேன்.

"அவன் பூட்டுப் போட்டப்போ யாரை நினைச்சிருப்பான்? நான்தானே வர்றேன்னு சொன்னேன். நான் திறக்கணும்னுதானே போட்டிருப்பான்." கையால் முகத்தைத் தேய்த்தான். "ஜூலை முப்பத்தொண்ணு, நான் பிறந்த நாளு. என் பேர்லயே இருக்கு. இன்னொரு தடவை போட இடம் இருந்துது, அதைப் போடலை."

அதுதானோ இல்லையோ, இனி யாராலும் சொல்ல முடியாது. அப்படித்தான் சொன்னேன் அவனிடம். அவன் தலையாட்டினான். தேநீரைக் குடிக்கவில்லை.

மறுநாள் பூசைக்கு வரவில்லை. அடுத்த வாரம் உப்பிறைச்சி வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். எப்போதும் போல இடுப்பால் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. ஸ்டேசியா கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் போய்வரும் கதவு அது. உள்ளே புதிதாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். பாத்திரத்தின் சூடு கையைச் சுட்டது, படியில் வைத்துவிட்டு நின்றேன். கடைசியில் தட்டினேன்.

"யாரு?" என்றான் உள்ளிருந்து. அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"நான்தான்டா. பெரியம்மா."

தாழ்ப்பாள் அசையவில்லை.

"இருக்கேன் பெரியம்மா" என்றான். "நீ போ."

காற்று தெற்கிலிருந்து திரும்பியிருந்தது. பாத்திரத்தின் மூடிமேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். கல் வைத்தபடியே இருந்தது.